“எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?” – செல்போனைக் கேட்கும் வெளிநாட்டுக் கோபுரம்

திருச்சியில் ஒருவர் விமானம் ஏறுகிறார். செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போடுகிறார். சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்குகிறார். போனை மறுபடி ‘ஆன்’ செய்கிறார்.

சில நிமிடங்கள்கூட ஆவதில்லை. “சிங்கப்பூருக்கு வரவேற்கிறோம். இங்கே பேசுவதற்கு நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம்” என்று அவருடைய இந்தியக் கம்பெனியிடம் இருந்து செய்தி வந்து விழுகிறது!

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் பையில் இருக்கிறது. போனுக்குப் பாஸ்போர்ட்டைப் படிக்கத் தெரியாது. அப்படியிருக்க, “இவர் இந்தியாவில் இருந்து வந்தவர்” என்று சிங்கப்பூர்க் கோபுரத்துக்கு யார் சொன்னது? “உங்கள் ஆள் இங்கே வந்துவிட்டார்” என்று இந்தியக் கம்பெனிக்கு யார் சொன்னது?

இது வெறும் வேடிக்கை அல்ல. உங்கள் பணம் இதில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு வரவேண்டிய வங்கிச் செய்தி இதில் இருக்கிறது. “போலீசில் இருந்து பேசுகிறோம்” என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்காரனைத் தடுப்பதும் இதில்தான் இருக்கிறது. ஆகவே வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

போன் எண்ணைப் பார்த்தா?

“இதில் என்ன அதிசயம்? இந்திய எண்ணுக்கு முன்னால் 91 இருக்கிறதே! அதைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள்” என்று பலர் நினைக்கிறார்கள்.

அப்படி அல்ல. அந்நிய நாட்டுக் கோபுரத்திடம் உங்கள் போன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, நீங்கள் பிறருக்குக் கொடுக்கும் 10 இலக்க எண்ணைச் சொல்வதே இல்லை!

அந்த எண்ணை நம்பி நாட்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அமெரிக்காவுக்கு நாட்டு எண் 1. கனடாவுக்கும் அதே 1 தான்! எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தால், இரண்டு நாட்டுக்காரரும் ஒன்றுபோலத் தோன்றுவார்கள்.

இன்னொரு சங்கதி. நம் நாட்டில் 2011-ம் ஆண்டு ஜனவரி முதல், எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் வந்தது. எண் பழைய எண்தான்; கம்பெனி மட்டும் புதிது. அப்படியானால், எண்ணைப் பார்த்து “இவர் இந்தக் கம்பெனிக்காரர்” என்று எப்படிச் சொல்வது?

கம்பெனி மாறும்போது புது சிம் கார்டு கொடுக்கிறார்கள், கவனித்தீர்களா? எண் மாறவில்லை, கார்டு ஏன் மாறவேண்டும்? ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

15 இலக்கம்

சிம் கார்டு நகத்தளவு பொருள். அதற்குள் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லில் ஓர் எண் எழுதப்பட்டு இருக்கிறது. பெரும்பாலும் 15 இலக்கம் கொண்டது. அந்த எண்ணை நீங்கள் யாருக்கும் கொடுப்பது இல்லை. பார்த்திருக்கவும் மாட்டீர்கள். ஆனால், உலகத்துக் கோபுரங்களுக்கெல்லாம் நீங்கள் யார் என்று தெரிவது அந்த எண்ணால்தான்.

நம் கிராமங்களில் புது ஆள் ஒருவர் வந்தால் பெரியவர்கள் என்ன கேட்பார்கள்? “எந்த ஊர் தம்பி? யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பார்கள் அல்லவா? இந்த 15 இலக்கமும் அதே கேள்விக்குப் பதில்தான்.

முதல் 3 இலக்கம்: எந்த ஊர்? அதாவது, எந்த நாடு.

அடுத்த 2 அல்லது 3 இலக்கம்: யார் வீடு? அதாவது, எந்தக் கம்பெனி.

மிச்சம் உள்ள இலக்கங்கள்: அந்த வீட்டில் எந்தப் பிள்ளை? அதாவது, நீங்கள்.

சில புதுப் போன்களில் கார்டு செருகும் இடமே இல்லை. ‘ஈ சிம்’ என்று சொல்கிறார்கள். கார்டு இல்லாவிட்டாலும் இந்த எண் போனுக்குள் ஏற்றப்பட்டு இருக்கும். எண் இல்லாமல் எதுவும் நடக்காது.

போனை எங்கே வாங்கினீர்கள் என்பது இதில் சேராது. துபாயில் வாங்கிய போனில் இந்திய சிம்மைப் போட்டால், கோபுரத்தின் கணக்கில் அது இந்தியப் போன். சென்னையில் வாங்கிய போனில் துபாய் சிம்மைப் போட்டால், அது துபாய்ப் போன். ஊரைச் சொல்வது சிம்; போன் அல்ல.

எந்த நாட்டுக்கு எந்த எண்?

இந்த எண்களைத் தனித்தனி நாடுகள் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஒரே எண்ணை இரண்டு நாடுகள் வைத்துக்கொண்டால் குழப்பம் அல்லவா? ஆகவே, ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்தச் சங்கம் 1865-ம் ஆண்டில், தந்தி காலத்தில், தோன்றியது. இப்போது ஐக்கிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த நிறுவனமாக இருக்கிறது.

தமிழர்கள் அதிகமாகப் போய்வரும் சில நாடுகளின் எண்கள் இதோ:

இலங்கை 413. சிங்கப்பூர் 525. மலேசியா 502. சவூதி அரேபியா 420. குவைத் 419. கத்தார் 427. ஓமன் 422. பக்ரைன் 426. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு நாடுகளுக்கு 424.

இந்தியாவுக்கு 404, 405 என்ற எண்கள்.

முதல் இலக்கத்தைப் பார்த்தே, உலகத்தில் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். 2 என்றால் ஐரோப்பா. 3 என்றால் வட அமெரிக்கா. 4 என்றால் இந்தியா, அரபு நாடுகள், சீனா, ஜப்பான் முதலியவை இருக்கும் பகுதி. 5 என்றால் சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா உள்ள பக்கம். 6 என்றால் ஆப்பிரிக்கா. 7 என்றால் தென் அமெரிக்கா.

போன் எண்ணில் ஒன்றுபோலத் தோன்றிய அமெரிக்காவும் கனடாவும் இங்கே பிரிந்துவிடுகின்றன. கனடாவுக்கு 302. அமெரிக்காவுக்கு 310 முதல் 316 வரை!

எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாத எண் ஒன்றும் உண்டு. அது 901. நடுக்கடலில் போகும் கப்பல், ஆகாயத்தில் பறக்கும் விமானம், துணைக்கோள் வழியாகப் பேசும் போன் ஆகியவற்றுக்குச் சேவை செய்யும் கம்பெனிகளுக்கு அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

நமக்கு ஏன் ஒன்றுக்கு மேல்?

ஒரு நாட்டுக்கு ஓர் எண் போதாதா? சிறிய நாட்டுக்குப் போதும். நமக்குப் போதவில்லை.

செல்போன் சேவைக்காக இந்தியாவை 22 வட்டாரங்களாகப் பிரித்து இருக்கிறார்கள். கம்பெனி ஒன்றானாலும், வட்டாரத்துக்கு வட்டாரம் எண் வேறு. உதாரணமாக, 404-க்குப் பின்னால் 80 என்று வந்தால் அது பி.எஸ்.என்.எல். கம்பெனியின் தமிழ்நாட்டு எண்.

கம்பெனிக்கு 2 இலக்கம்தான் என்றால், மொத்தம் 100 எண்களே கிடைக்கும். 22 வட்டாரங்கள், வட்டாரத்துக்குப் பல கம்பெனிகள். 100 எப்படிப் போதும்? அதனால்தான் 404 தீர்ந்துபோய் 405 வந்தது.

ஆக, சிங்கப்பூர்க் கோபுரம் முதல் ஐந்தாறு இலக்கத்தைப் பார்த்ததுமே, “இவர் இந்தியர், இன்ன கம்பெனி, இன்ன வட்டாரம்” என்று தெரிந்துகொள்கிறது.

கோபுரம் கூவுகிறது

இனி, போனை ‘ஆன்’ செய்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒவ்வொரு கோபுரமும் ஓயாமல் தன் பெயரைக் கூவிக்கொண்டே இருக்கிறது. பேருந்து நிலையத்தில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவது போல! “நான் 525, என் கம்பெனி எண் இது” என்று சிங்கப்பூர்க் கோபுரம் வானொலி அலையில் சொல்லிக்கொண்டு இருக்கும்.

போன் முதலில் வாயைத் திறப்பது இல்லை. காதைக் கொடுத்துக் கேட்கிறது. தன் சொந்தக் கம்பெனி எங்கேயாவது கேட்கிறதா என்று தேடுகிறது. சிங்கப்பூரில் 404 எப்படிக் கேட்கும்? கேட்காது. “ஓகோ, நாம் வெளியூரில் இருக்கிறோம்” என்று போனுக்கு அப்போது தெரிந்துவிடுகிறது.

சிம் கார்டில் ஒரு பட்டியல் இருக்கும். “வெளிநாட்டுக்குப் போனால் இன்ன கம்பெனியிடம் முதலில் போ, அது இல்லை என்றால் இன்னதிடம் போ” என்று சொந்தக் கம்பெனி எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது. அந்த வரிசைப்படி ஒரு கோபுரத்தின் கதவைத் தட்டுகிறது போன். தன் 15 இலக்க எண்ணைச் சொல்கிறது.

வீட்டுக்கு ஆள் போகிறது

இப்போது சிங்கப்பூர்க் கம்பெனி யோசிக்கிறது. “404 என்றால் இந்தியா. இந்தக் கம்பெனியோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறதா?”

ஒப்பந்தம் இல்லை என்றால் கதவு திறக்காது. போன் அடுத்த கம்பெனியைத் தேடிப் போகவேண்டியதுதான்.

ஒப்பந்தம் இருந்தாலும் உடனே நம்பிவிடுவது இல்லை. “நான் இன்னார் வீட்டுப் பிள்ளை” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! வீட்டாரைக் கேட்டால்தானே உண்மை தெரியும்?

ஆகவே சிங்கப்பூர்க் கம்பெனி, 404-ல் தொடங்கும் அந்த எண்ணை வைத்தே இந்தியக் கம்பெனியின் விலாசத்தைக் கண்டுபிடித்து, கடல் தாண்டி ஒரு கேள்வியை அனுப்புகிறது. “இந்த எண்காரர் இங்கே வந்திருக்கிறார். உங்கள் ஆள்தானா?”

இந்தியக் கம்பெனியிடம் ஒரு பேரேடு இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள பேரேடு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். அவருடைய போன் எண் என்ன, வெளிநாட்டில் பேச அனுமதி வாங்கியிருக்கிறாரா, இப்போது எங்கே இருக்கிறார் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு.

ரகசியக் கேள்வி

வெறுமனே “ஆம், எங்கள் ஆள்தான்” என்று சொன்னால் போதாது. அந்த 15 இலக்க எண்ணை வேறு ஒருவன் திருடிச் சொல்லியிருந்தால்?

இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு சிம் கார்டுக்குள்ளும் ஒரு ரகசிய எண் புதைக்கப்பட்டு இருக்கிறது. அதே ரகசிய எண், சொந்தக் கம்பெனியிடமும் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. அது சிம்மை விட்டு ஒருநாளும் வெளியே வராது.

இந்தியக் கம்பெனி, சிங்கப்பூருக்கு அந்த ரகசியத்தைச் சொல்லுமா? சொல்லாது! அதற்குப் பதிலாக, ஒரு கேள்வியையும் அதற்கான விடையையும் மட்டும் அனுப்புகிறது. “அவனிடம் இதைக் கேள். இந்த விடையைச் சொன்னால் அவன் எங்கள் பிள்ளை. சொல்லாவிட்டால் வேஷக்காரன்” என்பதுபோல.

கேள்வி என்பது ஒரு பெரிய எண். சிங்கப்பூர்க் கோபுரம் அதைப் போனுக்கு அனுப்புகிறது. சிம் கார்டு தன் ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடையைச் சொல்கிறது. இந்தியா அனுப்பிய விடையும் சிம் சொன்ன விடையும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கிறது.

அடுத்த முறை கேள்வி வேறு, விடையும் வேறு. ஆகவே, ஒட்டுக்கேட்டவன் பழைய விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவும் எத்தனை நேரத்தில்? சில விநாடிகளில்! நீங்கள் விமானத்தில் இருந்து பெட்டியை இறக்குவதற்குள் முடிந்துவிடும்.

அம்மா கூப்பிட்டால்...

லாட்ஜில் தங்கினால் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதுகிறோம். அதுபோல, சிங்கப்பூர்க் கம்பெனியும் தன் விருந்தாளிப் பதிவேட்டில் நம்மவரை எழுதிக்கொள்கிறது. இந்தியக் கம்பெனி தன் பேரேட்டில், “இவர் இப்போது சிங்கப்பூரில், இன்ன கம்பெனியிடம் இருக்கிறார்” என்று குறித்துக்கொள்கிறது. வரவேற்புச் செய்தி வந்த ரகசியம் இதுதான்!

ஊரில் இருந்து அம்மா மகனைக் கூப்பிடுகிறார். மகன் சிங்கப்பூரில் இருப்பது அம்மாவின் போனுக்குத் தெரியாது. அழைப்பு வழக்கம்போல் இந்தியக் கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி பேரேட்டைப் பார்க்கிறது. “சிங்கப்பூரில் அல்லவா இருக்கிறான்!” என்று அழைப்பை அங்கே திருப்பி விடுகிறது.

அம்மா கொடுப்பது உள்ளூர்க் கட்டணம். இந்தியாவில் இருந்து சிங்கப்பூர் வரை அழைப்பைக் கொண்டுபோகும் செலவு யார் தலையில்? மகன் தலையில்! வெளிநாட்டில் இருக்கும்போது, வருகிற அழைப்புக்கும் காசு பிடிப்பது இதனால்தான்.

இணையத்திலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. வெளிநாடு போன போனில் இணையம் பார்த்தால், அது பெரும்பாலும் இந்தியக் கம்பெனி வழியாகவே சுற்றிக்கொண்டு வருகிறது. கால் சிங்கப்பூரில் இருக்கும். இணையமோ இந்தியாவில் இருக்கும்!

பேசியதற்கும் பார்த்ததற்கும் சிங்கப்பூர்க் கம்பெனி கணக்கு எழுதி, இந்தியக் கம்பெனிக்கு அனுப்புகிறது. இந்தியக் கம்பெனி அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உங்களிடம் வசூல் செய்துகொள்கிறது. பிள்ளை வெளியூர்க் கடையில் வாங்கிய கடனுக்கு வீட்டார் பொறுப்பு ஏற்பது போலத்தான்!

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2017-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அந்த நாடுகளில் ஒன்றின் சிம்மை வைத்திருப்பவர், மற்றொரு நாட்டுக்குச் சுற்றுலா போனாலும், சாதாரணமாக வீட்டுக் கட்டணம்தான். பிரான்சு நாட்டு சிம்காரர் இத்தாலியில் கவலை இல்லாமல் பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் இந்திய சிம்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. இருவரும் நிற்பது ஒரே கோபுரத்தின் கீழ். வித்தியாசம், முதல் 3 இலக்கம்!

எப்போது வந்தது?

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு செல்போன் முறை வேறுவேறாக இருந்தது. எல்லையைத் தாண்டினால் போன் வெறும் பெட்டி. இந்தத் தொல்லையைத் தீர்க்க 1982-ம் ஆண்டு ஒரு குழு அமைத்தார்கள். 1987-ம் ஆண்டு செப்டம்பரில், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள் கூடிப் பொது முறைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் ‘ஜி.எஸ்.எம்.’ முறை.

1991-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, பின்லாந்து நாட்டின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி அந்த முறையில் முதன்முதலாகப் பேசினார். மறு ஆண்டே, 1992-ல், பின்லாந்துக் கம்பெனி ஒன்றும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றும் “உன் ஆள் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், என் ஆள் வந்தால் நீ பார்த்துக்கொள்” என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. உலகத்தின் முதல் ‘ரோமிங்’ ஒப்பந்தம் அதுவே.

இந்தியாவில் 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி முதல் செல்போன் அழைப்பு நடந்தது. மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு கல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார்.

தனுஷ்கோடியில் இலங்கை!

வெளிநாட்டுக்குப் போனால்தான் இந்தச் சங்கதி எல்லாம் என்று நினைக்க வேண்டாம். நம் மண்ணில் நின்றபடியே போன் ‘வெளிநாடு’ போய்விடும்!

ராமேசுவரம் தீவின் கடைசி முனை தனுஷ்கோடி. அங்கே இருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் மலை இல்லை; கட்டிடம் இல்லை; வெறும் கடல்தான். பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஒரு கோபுரத்தின் எல்லை சுமார் 35 கிலோமீட்டர் வரை போகலாம். ஆகவே இலங்கைக் கோபுரத்தின் குரல் தனுஷ்கோடியில் கேட்கிறது.

1964-ம் ஆண்டுப் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். அலைக்கு ஏது சீட்டு?

அங்கே சுற்றுலா போனவர்களின் போனில், “இலங்கைக்கு வரவேற்கிறோம்” என்று செய்தி வருவது உண்டு. சிரித்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. இந்தியக் கம்பெனியின் குரல் மெலிந்த இடத்தில், போன் 404-ஐத் தேடிக் களைத்துப்போய் 413-ன் கதவைத் தட்டுகிறது. ரோமிங் அனுமதி உள்ள சிம்மாக இருந்தால் கதவு திறந்துவிடும். அதன் பிறகு நீங்கள் நிற்பது ராமநாதபுரம் மாவட்டம். கட்டணம் இலங்கைக் கட்டணம்!

போன், நீங்கள் நிற்கும் மண்ணைப் பார்ப்பது இல்லை. தனக்குக் கேட்கும் கோபுரத்தின் 3 இலக்கத்தைத்தான் பார்க்கிறது.

ஒரே நாளில் 1 கோடியே 35 லட்சம்

இனி சொல்லப்போவது ஒவ்வொரு குடும்பமும் கவனிக்க வேண்டியது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு, இந்திய எண் போலத் தெரியும்படி போலி அழைப்பு விடுகிறார்கள் மோசடிக்காரர்கள். போனில் 91 என்று தெரியும். “போலீஸ்”, “சுங்க இலாகா”, “உங்கள் பெயரில் வழக்கு” என்று மிரட்டுவார்கள். பயந்துபோய்ப் பணத்தைக் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம்.

தடுப்பது எப்படி? வெளிநாட்டில் இருந்து இந்திய எண்ணில் வரும் அழைப்பை எல்லாம் நிறுத்திவிடலாமா? கூடாது! உண்மையாகவே துபாய் போன மகன், தன் இந்திய எண்ணில் இருந்து வீட்டுக்குப் பேசுவானே!

பேரேடு இங்கே கைகொடுக்கிறது. அழைப்பு வெளிநாட்டில் இருந்து வருகிறது. எண் இந்திய எண். அந்த எண்காரர் நிஜமாகவே வெளிநாடு போயிருக்கிறாரா? “போயிருக்கிறார்” என்றால் அழைப்பு உண்மை. “இல்லை, அவர் மதுரையில் இருக்கிறார்” என்றால் அழைப்பு போலி!

இந்த வகைப் போலி அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை 2024-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி மத்திய அரசு தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகள் போலி என்று பிடிபட்டன. வெளிநாட்டில் இருந்து இந்திய எண்ணில் வந்த அழைப்புகளில் 100-க்கு 90 போலி!

ஆனாலும் மோசடிக்காரன் சும்மா இருப்பானா? உண்மையான வெளிநாட்டு எண்ணில் இருந்தே கூப்பிடுவான். ஆகவே நாமும் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஓட்டையும் உண்டு

இந்த முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. “உங்கள் ஆள் எங்களிடம் வந்திருக்கிறார்” என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சொன்னால், பழைய முறையில் வீட்டுக் கம்பெனி அதை நம்பிவிடும். அந்தச் சொல் பொய்யாக இருந்தால்?

2017-ம் ஆண்டு ஜெர்மனியில் அப்படி நடந்தது வெளியே தெரிந்தது. திருடர்கள் முதலில் சிலருடைய வங்கிக் கணக்கின் ரகசியச் சொல்லை ஏமாற்றித் தெரிந்துகொண்டார்கள். பிறகு, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இணைப்பு வழியாகப் புகுந்து, அவர்களுக்கு வரவேண்டிய வங்கிக் குறுஞ்செய்திகளைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பணம் போயிற்று.

இப்போது கம்பெனிகள் இப்படிப்பட்ட பொய்க் கேள்விகளை வடிகட்டக் காவல் போடுகின்றன. ‘5 ஜி’ முறையில் இன்னொரு பாதுகாப்பும் வந்திருக்கிறது. அதில் 15 இலக்கத்தை அப்படியே சொல்லாமல், பூட்டுப் போட்டு அனுப்ப வழி செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் பூட்ட முடியாது. நாட்டு எண்ணையும் கம்பெனி எண்ணையும் திறந்தே வைக்க வேண்டும். அதையும் மறைத்தால், யாரைப் போய் விசாரிப்பது? பிள்ளையின் பெயரை மறைக்கலாம். ஊரை மறைக்க முடியாது!

நீங்கள் செய்யவேண்டியது

வெளிநாடு போகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பே ரோமிங் கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவையானால் அதற்கு உரிய ‘பேக்’ போட்டுக்கொள்ளுங்கள்.

இணையம் வேண்டாம் என்றால், போனில் ‘டேட்டா ரோமிங்’ என்பதை அணைத்து வையுங்கள். நீங்கள் தொடாவிட்டாலும் போன் தானாகவே இணையத்தைத் தொடும்.

தனுஷ்கோடி போன்ற எல்லைப் பகுதிக்குப் போனால், ‘நெட்வொர்க்’ தேர்வைப் போனிடம் விடாதீர்கள். உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்து எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்கள், அங்கே புது சிம் வாங்கியதும் இந்திய சிம்மைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி அந்த எண்ணைத் திரும்ப எடுத்து, வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு உங்கள் வங்கிச் செய்தி யாரோ ஒருவர் கைக்குப் போகும்.

சிம் கார்டு தொலைந்தால் அன்றே கம்பெனியிடம் சொல்லி நிறுத்துங்கள். அது வெறும் பிளாஸ்டிக் துண்டு அல்ல. உலகத்தில் எந்த மூலையிலும் “நான் இன்னார்” என்று உங்கள் பெயரில் சொல்லிக்கொள்ளும் வல்லமை அதற்கு இருக்கிறது.

ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். 91 என்று தெரிந்தாலும் சரி, போலீஸ் என்று சொன்னாலும் சரி!

ஊர் பெயர் தெரியாத நாட்டில், மொழி தெரியாத கோபுரம் ஒன்று நமக்குக் கதவு திறக்கிறது. அது நம்மை நம்பித் திறக்கவில்லை. “ஆம், எங்கள் வீட்டுப் பிள்ளைதான்; கணக்குக்கு நாங்கள் பொறுப்பு” என்று நம் ஊர்க் கம்பெனி சொன்ன சொல்லை நம்பித் திறக்கிறது. அந்தச் சொல்லை நம் பெயரில் வேறு ஒருவன் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.